பரண்மேல் இருப்பவரைக் குறிவைக்கும் வைரஸ்

தேன்கனிக்கோட்டை, தளி, அஞ்செட்டி பக்கம் கேழ்வரகு கதிர் முற்றுகிற மாதங்களில் ராத்திரி கொல்லையில் ஆள் இல்லாமல் இருக்காது. நாலு கம்பு நட்டு, மேலே தட்டி போட்டுப் பரண் கட்டியிருப்பார்கள். அதில் ஒருவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். காட்டோரம் கிளை முறிகிற சத்தம் கேட்டால் அவர் தனியாக யானையை விரட்டப் போகமாட்டார். தகரத்தைத் தட்டுவார், கூவுவார். அதைக் கேட்டுத்தான் பக்கத்துக் கொல்லைக்காரர்கள் எழுந்து டார்ச், தீப்பந்தம், பட்டாசு என்று கையில் கிடைத்ததோடு ஓடி வருவார்கள். விரட்டுவது அந்தக் கூட்டம். கூட்டத்தை எழுப்புவது பரண்மேல் இருக்கிற ஒரே ஒரு ஆள்.

எச்.ஐ.வி. உடம்புக்குள் போய் என்னதான் செய்கிறது என்று யாராவது கேட்டால் நான் இந்தப் பரணில் இருந்துதான் ஆரம்பிப்பேன். தர்மபுரி மாவட்டத்தில் அரசு நம்பிக்கை மையம் ஒன்றில் பல வருடம் ஆலோசகராக வேலை பார்த்தவள் நான். ரத்தப் பரிசோதனைக்கு முன்பும் பின்பும் வருகிறவர்களோடு உட்கார்ந்து பேசுவதுதான் வேலை. அங்கே வந்த கேள்விகளில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஒரு லாரி ஓட்டுநர் கேட்டது. பாலக்கோட்டில் தக்காளி ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்.

"மேடம், எனக்குக் காய்ச்சல் இல்ல, இருமல் இல்ல. கூடை தூக்குறேன், விடிய விடிய வண்டி ஓட்டுறேன். உடம்புல ஒண்ணுமே இல்லாதப்ப எதுக்கு தினமும் மாத்திரை? அதுவும் ஆயுசுக்கும்?"

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் உடம்பில் காவல் எப்படி நடக்கிறது என்று முதலில் பார்த்துவிட வேண்டும்.

முதல் வேலி தோல். வாய், குடல், பிறப்புறுப்பு இவற்றின் உட்பக்கம் இருக்கிற ஈரச் சவ்வும் வேலிதான், ஆனால் தோல் அளவுக்குத் தடிப்பு கிடையாது. வேலியைத் தாண்டி ஒரு கிருமி வந்துவிட்டால் அங்கே சுற்றிக்கொண்டிருக்கும் விழுங்கு அணுக்கள் அதைப் பிடித்து விழுங்கப் பார்க்கும். அவற்றில் ஒரு வகை, விழுங்கியதில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு பக்கத்திலுள்ள நிணநீர்க் கணுவுக்குப் போகும். காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறது என்போமே, அந்த இடம்தான். நெறியை வெறும் வீக்கம் என்று நினைக்க வேண்டாம். ஊர் கூடுகிற சாவடி மாதிரி அது. 'இப்படி ஒருத்தன் வந்திருக்கிறான், உங்களில் யாருக்கு இவனை அடையாளம் தெரியும்?' என்று அந்தத் துண்டை அங்கே இருக்கிற அணுக்களிடம் காட்டிக் கேட்கிற இடம்.

அடையாளம் கண்டு எழுந்து நிற்பது ஒரு வகை வெள்ளை அணு. உதவி டி அணு என்று பெயர். அதன் மேற்பரப்பில் சி.டி.4 என்ற புரதம் நீட்டிக்கொண்டிருப்பதால் மருத்துவமனையில் எல்லோரும் அந்த அணுவையே 'சி.டி.4' என்றுதான் சொல்வார்கள். பரண்மேல் இருக்கிற ஆள் இதுதான். இதன் முக்கிய வேலை சத்தம் போடுவது. அந்தச் சத்தம் காதுக்குக் கேட்காது, ரசாயனமாகக் கசிந்து பரவும். அது எட்டினால்தான் பி அணுக்கள் முழு வேகத்தில் ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்பொருளைத் தயாரிக்கும். கொல்லும் டி அணுக்கள் பெருகி, கிருமி புகுந்துவிட்ட நம் சொந்த அணுக்களைத் தேடிப் போய் அழிக்கும். விழுங்கு அணுக்களுக்கு, விழுங்கியதை உள்ளேயே வைத்துச் சாகடிக்கிற பலம் வரும்.

சண்டை முடிந்த பிறகு சில சி.டி.4 அணுக்கள் நினைவு அணுக்களாக மாறி வருடக்கணக்கில் தூங்கிக்கொண்டிருக்கும். அதே கிருமி திரும்ப வந்தால் சட்டென்று எழுந்துகொள்ளும். தட்டம்மை ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வருவது அபூர்வம், தடுப்பூசி வேலை செய்கிறது என்பதற்கெல்லாம் இப்படிப்பட்ட நினைவு அணுக்கள்தான் காரணம். தூங்குகிற இந்த அணுக்களை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநருக்கான பதில் அவற்றுக்குள்தான் இருக்கிறது.

சரி, இனி வைரஸ். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஏறக்குறைய 10,000 எச்.ஐ.வி.யை வரிசையாக அடுக்கலாம், அவ்வளவு சிறியது. ஒரு தக்காளிச் செடிக்கே 30,000-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் உண்டு. இந்த வைரஸுக்கு ஒன்பதே ஒன்பது. வெளியே கொழுப்பு உறை, உள்ளே கூம்பு மாதிரி ஒரு புரதக் கூடு, கூட்டுக்குள் ஆர்.என்.ஏ. இழையில் எழுதிய குறிப்பு இரண்டு பிரதி, கூடவே வெட்டுவது, ஒட்டுவது மாதிரி வேலைகளைச் செய்கிற சில புரதங்கள், அதாவது நொதிகள். சாப்பிடாது, தானாகப் பெருகாது. நம் அணு ஒன்றுக்குள் நுழைந்தால்தான் அதற்குப் பிழைப்பு.

1983-ல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் பிரான்சுவாஸ் பாரே-சினூசி, லுக் மோன்டானியே ஆகியோரின் குழு இதைக் கண்டுபிடித்தது. அதற்காக இருவருக்கும் 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தியாவில் இது முதலில் வெளிச்சத்துக்கு வந்தது நம் மாநிலத்தில்தான். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகளை வேலூர் சி.எம்.சி.யில் பரிசோதித்தபோது தெரியவந்தது. இந்த நோயைப் பற்றிப் பேசவே எல்லோரும் கூச்சப்பட்ட காலத்தில் இரண்டு பெண்கள் தேடிப் போய்ச் செய்த வேலை அது. எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் பெருமையாக இருக்கிறது.

இந்த வைரஸின் உறைமேல் குமிழ் குமிழாக ஒரு புரதம் இருக்கிறது. அந்தக் குமிழ் நம் அணுவின் சி.டி.4 புரதத்தோடு கச்சிதமாகப் பொருந்துகிறது. முதலில் அதைப் பிடிக்கும், பிறகு பக்கத்திலேயே இருக்கிற சி.சி.ஆர்.5 என்ற இன்னொரு புரதத்தைப் பிடிக்கும். இரண்டும் கிடைத்தவுடன் வைரஸின் உறையும் அணுவின் சவ்வும் ஒட்டிக்கொள்ள, கூடு உள்ளே இறங்கிவிடும். பரண்காரர் ஏறி இறங்க வைத்திருக்கிற ஏணியிலேயே திருடன் ஏறுவது போலத்தான்.

"கொசு கடிச்சா வருமா மேடம்?" என்று கேட்காத ஆள் இல்லை. வராது. கொசுவின் உடம்பில் இந்த ஏணி கிடையாது. அதனால் வைரஸ் அங்கே எந்த அணுவிலும் ஏற முடியாது, பெருகவும் முடியாது, குடித்த ரத்தத்தோடு செரித்துப் போய்விடும். ஒரே தட்டில் களி சாப்பிடுவது, கை குலுக்குவது, பஸ்ஸில் பக்கத்தில் உட்காருவது, இருமல், வியர்வை எதிலும் வராது. ரத்தம், விந்து, பெண்ணுறுப்பு நீர், ஆசனவாய்ச் சுரப்பு, தாய்ப்பால் இவை வழியாகத்தான் அது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகிறது.

உள்ளே இறங்கிய பிறகு நடப்பதுதான் இந்த வைரஸின் தனித்தன்மை. நம் அணுவில் மூலக் குறிப்பு டி.என்.ஏ.வாகப் பத்திரமாக இருக்கும். தேவைப்படும்போது அதிலிருந்து ஆர்.என்.ஏ. நகல் எடுக்கப்படும். எச்.ஐ.வி. இதைத் தலைகீழாகச் செய்கிறது. தன் ஆர்.என்.ஏ. குறிப்பை டி.என்.ஏ.வாக மாற்றி எழுதுகிறது. அதை எழுதுகிற நொதிக்கு ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் என்று பெயர். வேகமாக எழுதும், ஆனால் எழுதியதைச் சரிபார்க்காது. அதனால் சில நகல்களுக்கு ஒருமுறையாவது எழுத்துப் பிழை வந்துவிடும். இந்தப் பிழை வைரஸுக்கு எவ்வளவு பெரிய லாபம் என்று கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

அடுத்த கட்டம், சந்தூர் பக்கம் மாங்கன்று ஒட்டுக்கட்டுவதைப் பார்த்தவர்களுக்குச் சுலபமாகப் புரியும். நாட்டு மாங்கன்றின் தண்டைச் சீவி, வேண்டிய ரகத்தின் குச்சியையும் அதற்கேற்றபடி சீவிப் பொருத்தி, பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிச் சுற்றுவார்கள். சில வாரங்களில் இரண்டும் ஒன்றாகிவிடும். அப்புறம் வேருக்கு எது தன் கிளை, எது வந்த கிளை என்று தெரியாது. சாறு ஏற்றிக்கொண்டே இருக்கும். எச்.ஐ.வி.யிடம் இன்டகிரேஸ் என்றொரு நொதி இருக்கிறது. அதுதான் ஒட்டுக்கத்தி. நம் அணுவின் டி.என்.ஏ.வை வெட்டி, வைரஸின் டி.என்.ஏ.வை நடுவில் ஒட்டிவிடும். அதற்குப் பிறகு அந்த அணு அதையும் தன் குறிப்பு என்றே படிக்கும், படித்தபடி வைரஸுக்கு வேண்டிய பாகங்களைச் செய்து தரும். புது வைரஸ்கள் மொட்டு மொட்டாக வெளியே வர, கடைசியில் புரோட்டியேஸ் என்ற இன்னொரு நொதி பாகங்களை வெட்டிச் சரியாக அமைக்கும்.

இதை ஒருமுறை நன்றாக உள்வாங்கிக்கொள்ள வேண்டும். மற்ற பல கிருமிகளை உடம்பு விரட்டிவிட்டால் அதோடு கதை முடிந்தது. இது நம் எழுத்துக்குள்ளேயே எழுதப்பட்டுவிடுகிறது.

முதல் சில வாரங்களில் உடம்பில் இந்த வைரஸுக்கு எதிரான தனி ஆயுதம் எதுவும் தயாராக இருக்காது. அது கட்டுக்கடங்காமல் பெருகும். தொற்றிய 2 முதல் 4 வாரங்களில் பலருக்குக் காய்ச்சல், தொண்டை வலி, உடம்பில் தடிப்பு, கழுத்தில் நெறி என்று வரும். சாதாரண வைரல் காய்ச்சல் என்று நினைத்து ஒரு ஊசி போட்டுக்கொண்டு மறந்துவிடுவார்கள். சிலருக்கு அதுகூட வராது. ஆனால் உள்ளே, அதிலும் குடலில், பெரிய சேதம் நடந்துகொண்டிருக்கும். நோய் எதிர்ப்பு அணுக்களில் பெரும்பகுதி இருப்பது குடல் சுவரை ஒட்டித்தான். அங்கே இருக்கிற சி.டி.4 அணுக்களில் பெரும்பாலானவை இந்தச் சில வாரங்களிலேயே அழிந்துபோகின்றன.

பிறகு கூட்டம் எழுகிறது. கொல்லும் டி அணுக்கள் பெருகி, வைரஸ் புகுந்த அணுக்களைத் தாக்க, ரத்தத்தில் வைரஸின் அளவு வெகுவாக இறங்குகிறது. ஆன்டிபாடிகளும் வந்து சேர்கின்றன. நம்பிக்கை மையத்தில் செய்கிற பரிசோதனை முக்கியமாகத் தேடுவது இந்த ஆன்டிபாடியைத்தான், வைரஸை அல்ல. ஒரு சின்ன அட்டை, நடுவில் வெள்ளைப் பட்டை. ஒரு முனையில் சொட்டு விட்டால் ஈரம் பட்டை முழுக்க மெல்ல ஏறும். முதலில் ஒரு கோடு தெரியும், அது அட்டை வேலை செய்கிறது என்பதற்கு. இரண்டாவது கோடு தெரிந்தால் அங்கே ஆன்டிபாடி இருக்கிறது என்று அர்த்தம். அதை வைத்து மட்டும் முடிவு சொல்லமாட்டோம். வெவ்வேறு வகை அட்டைகளில் மூன்று முறை பார்த்த பிறகுதான் சொல்வோம். அந்தப் பதினைந்து இருபது நிமிடம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களின் முகம் எனக்கு இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது.

ஆன்டிபாடி உருவாகச் சில வாரங்கள் ஆகும், சிலருக்கு மூன்று மாதம் வரை. அந்த இடைவெளியில் பரிசோதித்தால், வைரஸ் இருந்தும் கோடு வராமல் போகலாம். 'போன வாரம் தப்பு நடந்துடுச்சு, இன்னைக்கே பாத்துடுங்க' என்று வந்தவர்களை மூன்று மாதம் கழித்து மறுபடி வரச் சொல்வது இதனால்தான். அதைவிட முக்கியமான ஒன்று: தொற்றியிருக்குமோ என்று சந்தேகம் வந்தால் 72 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். 28 நாள் மாத்திரை கொடுப்பார்கள். ஒட்டுக்கத்தி வெட்டுவதற்கு முன்னால் பிடித்துவிடலாம்.

இனி மௌன வருடங்கள். மருந்து இல்லாவிட்டால் சராசரியாக எட்டு, பத்து வருடம் வெளியே எதுவும் தெரியாது. நம் ஓட்டுநர் அப்போது இந்தக் கட்டத்தில்தான் இருந்தார். வைரஸ் சும்மா இருக்கிறது என்றுதான் ஒரு காலத்தில் நினைத்தார்கள். உண்மை வேறு. ஒவ்வொரு நாளும் ஆயிரம் கோடி என்ற அளவில் புது வைரஸ்கள் பிறக்கின்றன. அவற்றைப் பெற்றுத் தரும் அணுக்கள் ஓரிரு நாளில் சாகின்றன. உடம்பு புது சி.டி.4 அணுக்களைச் செய்து நிரப்பிக்கொண்டே இருக்கிறது. தினமும் கரை உடைந்து தினமும் மண் கொட்டுகிற ஏரி மாதிரி, வெளியே இருந்து பார்த்தால் தண்ணீர் மட்டம் அப்படியே நிற்கும்.

ஆன்டிபாடி இருக்கிறதே, அது ஏன் ஜெயிக்கவில்லை? எழுத்துப் பிழையின் லாபம் இங்கேதான். நாளுக்கு ஆயிரம் கோடி நகல், அதில் கோடிக்கணக்கானவற்றில் ஏதாவது ஒரு மாற்றம். பழைய முகத்தைப் பார்த்து உடம்பு ஆன்டிபாடி தயாரித்து முடிக்கும்போது, முகம் மாறிய சில வைரஸ்கள் ஏற்கெனவே பெருகியிருக்கும். அதோடு வைரஸின் குமிழ்கள்மேல் சர்க்கரை மூலக்கூறுகள் அடர்த்தியாகப் போர்த்தியிருக்கின்றன. அவை நம் அணுவே பூசி அனுப்பிய சர்க்கரை என்பதால் பார்க்க நம் வீட்டுப் பொருள் மாதிரியே இருக்கும். இத்தனை வருடமாகியும் இதற்குத் தடுப்பூசி வராததற்கு இந்த இரண்டும் பெரிய காரணங்கள்.

சி.டி.4 அணுக்கள் எப்படிச் சாகின்றன என்பதும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். வைரஸ் நேராகக் கொல்வது ஒரு பங்குதான். நிணநீர்க் கணுக்களில் ஓய்வாக இருக்கிற பல அணுக்களுக்குள் வைரஸ் நுழைந்து, டி.என்.ஏ. எழுத ஆரம்பித்துப் பாதியில் நின்றுவிடும். அரைகுறையாக எழுதிய அந்தத் துண்டை அணு மோப்பம் பிடித்துவிடுகிறது. 'உள்ளே ஆள் புகுந்துவிட்டான்' என்று தானே வெடித்துச் செத்துப்போகிறது. வெடிக்கும்போது கொட்டுகிற ரசாயனம் இன்னும் பல சி.டி.4 அணுக்களை அந்த இடத்துக்கு இழுக்கிறது. அவற்றுக்குள்ளும் வைரஸ். ஊரைக் காப்பாற்றத் தன் குடிசைக்குத் தானே தீ வைத்துக்கொள்கிறார் ஒருவர், தீயைப் பார்த்து ஓடி வருகிறவர்களும் அதிலேயே மாட்டிக்கொள்கிறார்கள்.

இதற்கிடையில் குடல் சுவர் பழுதானதால் அங்கிருக்கும் பாக்டீரியாக்களின் துணுக்குகள் ரத்தத்தில் கசிந்துகொண்டே இருக்கும். உடம்பு அதை ஆபத்து என்று எடுத்துக்கொண்டு விழித்தபடியே இருக்கும். பல வருடம் ராத்திரி பகல் தகரம் தட்டிக்கொண்டே இருந்தால் காவல்காரர்கள் என்ன ஆவார்கள்? களைத்துப் போவார்கள். எதிர்ப்பு அணுக்களும் அப்படித்தான் தேய்கின்றன.

ஆரோக்கியமான ஒருவருக்கு ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 500 முதல் 1,500 வரை சி.டி.4 அணுக்கள் இருக்கும். அது 200-க்குக் கீழே போனாலோ, சில குறிப்பிட்ட நோய்கள் வந்துவிட்டாலோதான் எய்ட்ஸ் என்று பெயர். எச்.ஐ.வி. என்பது வைரஸ், எய்ட்ஸ் என்பது அது கொண்டுபோய் நிறுத்துகிற நிலை. எச்.ஐ.வி. உள்ள எல்லோருக்கும் எய்ட்ஸ் இருப்பதாக அர்த்தம் இல்லை. இதைச் சொல்லும்போது எதிரே இருப்பவரின் தோள் கொஞ்சம் இறங்குவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

பரண் காலியானால் வருகிற முதல் விலங்கு பெரும்பாலும் காசநோய். நம் நாட்டில் ஏராளமானவர்களின் நுரையீரலில் டி.பி. கிருமி இருக்கிறது. விழுங்கு அணுக்கள் அதைச் சுற்றி வட்டமாகச் சுவர் கட்டி அடைத்து வைத்திருக்கும். அந்தச் சுவர் நிற்பதற்கு சி.டி.4 அணுக்களின் சத்தம் ஓயாமல் வேண்டும். சத்தம் குறைந்தால் சுவர் இளகும், கிருமி வெளியே வரும். எச்.ஐ.வி. உள்ளவர் இருமினால் சளியை உடனே பரிசோதிக்கச் சொல்வது இதனால்தான். எண்ணிக்கை இன்னும் இறங்கினால் வாயில் வெள்ளைப் படலம், ஒரு வகைப் பூஞ்சையால் வரும் நிமோனியா, மூளை உறையில் பூஞ்சைத் தொற்று, கண்ணைப் பாதிக்கும் வைரஸ் என்று, வழக்கமாக நம்மை ஒன்றும் செய்யாதவை எல்லாம் உள்ளே வரும். உயிரை எடுப்பது அவைதான்.

இப்போது மாத்திரைக்கு வருவோம். எச்.ஐ.வி. சிகிச்சைக்கான அரசு ஏ.ஆர்.டி. மையங்களில் இலவச மருந்து 2004 ஏப்ரலில் தொடங்கியது. அப்போதெல்லாம் சி.டி.4 எண்ணிக்கை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால்தான் மருந்து. 'உங்களுக்கு இன்னும் குறையவில்லை, ஆறு மாதம் கழித்து வாருங்கள்' என்று நானே சொல்லி அனுப்பியிருக்கிறேன். அன்றைக்கு விதி அப்படி. அப்படி அனுப்பியவர்களில் சிலர் மிகவும் நலிந்து போய்த் திரும்பி வந்ததை என்னால் மறக்க முடியவில்லை. 2017-ல் இருந்து எண்ணிக்கை எவ்வளவு இருந்தாலும் தெரிந்தவுடனே மருந்து.

பெரியவர்களுக்கு இப்போது பெரும்பாலும் தருவது மூன்று மருந்து சேர்ந்த ஒரே மாத்திரை: டெனோஃபோவிர், லாமிவுடின், டோலூடெகிராவிர். முதல் இரண்டும் பொய் எழுத்துகள். வைரஸின் எழுத்தர் டி.என்.ஏ. எழுதும்போது இவற்றை உண்மை எழுத்து என்று எடுத்து வைத்துவிடும், அதற்கு மேல் அடுத்த எழுத்து ஒட்டாது, வரி பாதியில் நின்றுவிடும். மூன்றாவது அந்த ஒட்டுக்கத்தியைச் செயலிழக்கச் செய்கிறது. ஒன்றிடம் தப்ப ஒரு எழுத்துப் பிழை போதும் என்றாலும், மூன்றிடமிருந்தும் ஒரே சமயத்தில் தப்புகிற பிழைகள் ஒரே வைரஸில் சேர்ந்து வருவது மிகவும் கஷ்டம். மாத்திரையை விட்டு விட்டுப் போட்டால் ரத்தத்தில் மருந்து குறைந்த நாட்களில் வைரஸ் பெருகும், பெருகினால் பிழை வரும், அதில் மருந்துக்கு அடங்காத ஒன்று பிறந்துவிடலாம்.

ஆறு மாதம் ஒழுங்காகப் போட்டால் பெரும்பாலானவர்களுக்கு ரத்தத்தில் வைரஸ் பரிசோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்துவிடும். சி.டி.4 மெல்ல ஏறும். அப்படியிருந்தும் ஏன் நிறுத்தக் கூடாது?

கோரைக்கு வருகிறேன். கொல்லையில் கோரை முளைத்தால் மேலே பறித்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது என்பது விவசாயம் பார்த்த எவருக்கும் தெரியும். மண்ணுக்கடியில் கிழங்கு இருக்கிறது. பறிக்கப் பறிக்கக் கொல்லை சுத்தமாகத் தெரியும். ஒரு பருவம் விட்டுவிட்டால் திரும்ப எழும். தூங்குகிற நினைவு அணுக்களை ஞாபகம் வைக்கச் சொன்னேனே, அவற்றில் சிலவற்றின் டி.என்.ஏ.வுக்குள் வைரஸின் குறிப்பு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. அணு தூங்குவதால் அந்தக் குறிப்பையும் யாரும் படிப்பதில்லை, வைரஸ் பிறப்பதில்லை. காவலர்கள் கண்ணுக்கு அது நல்ல அணு. மருந்துக்கும் அங்கே வேலை இல்லை, ஏனென்றால் மருந்து நிறுத்துவது எழுதுவதையும் ஒட்டுவதையும்தான், ஏற்கெனவே ஒட்டியதைப் பிரிக்காது. இப்படிப்பட்ட அணுக்கள் மிகக் கொஞ்சம்தான், ஆனால் அவை குறைகிற வேகத்தைக் கணக்குப் போட்டால் ஒரு மனித ஆயுள் போதாது. மாத்திரையை நிறுத்தினால், பெரும்பாலும் சில வாரங்களிலேயே, எங்கோ ஒரு அணு விழிக்கும், கோரை முளைக்கும்.

மருந்து தொடங்கிய முதல் வாரங்களில் சிலருக்கு உடம்பு மோசமாவது போல இருக்கும். நெறி கட்டும், காய்ச்சல் வரும். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிடுவார்கள். பல நேரம் அது காவல் திரும்ப வந்ததன் அடையாளம். இத்தனை நாள் ஒளிந்திருந்த டி.பி. கிருமியைப் பலம் பெற்ற அணுக்கள் இப்போதுதான் கண்டு சண்டை பிடிக்கின்றன. மாத்திரையை விடாமல் மருத்துவரிடம் போக வேண்டும். இன்னொன்று, இரும்புச்சத்து, கால்சியம், வயிற்றெரிச்சல் மாத்திரைகள் எடுப்பவர்கள் அதை ஏ.ஆர்.டி. மையத்தில் சொல்லிவிட வேண்டும். சிலவற்றை டோலூடெகிராவிரோடு சேர்த்துப் போட்டால் அதன் பலம் குறையும்.

ரத்தத்தில் வைரஸ் தெரியாத அளவில் தொடர்ந்து இருந்தால், உடலுறவு வழியாக இன்னொருவருக்கு எச்.ஐ.வி. பரவுவதில்லை. உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கர்ப்பிணிக்குச் சிகிச்சை இல்லாவிட்டால் குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம் வரை. தாய்க்கு மாத்திரையும் பிறந்த குழந்தைக்குச் சொட்டு மருந்தும் கொடுத்தால் 5 சதவீதத்துக்குக் கீழே வந்துவிடும். இவ்வளவு தெரிந்த பிறகும், எங்கள் பக்கத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றில், மாத்திரை ஒழுங்காகப் போட்டு வந்த ஒரு பெண்ணைப் பிரசவ வலியோடு வெளியே நிற்க வைத்தார்கள். அன்று ராத்திரி ஆம்புலன்ஸில் அவளோடு போனது நான்தான். அரசு மருத்துவமனையில் சுகப்பிரசவம். குழந்தைக்கு எல்லாப் பரிசோதனையும் முடிந்து எச்.ஐ.வி. இல்லை என்று உறுதியானபோது அவள் எனக்கு ஒரு டஜன் வளையல் வாங்கி வந்தாள். அப்படி நிற்க வைப்பதைச் சட்டம் தடை செய்கிறது. 2017-ல் இயற்றிய எச்.ஐ.வி. சட்டம் 2018 செப்டம்பரில் இருந்து நடைமுறையில் இருக்கிறது. சிகிச்சை மறுக்கக் கூடாது, சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கக் கூடாது, விஷயத்தை வெளியே சொல்லக் கூடாது. சந்தேகம் இருந்தால் 1097 என்ற எண்ணுக்குக் கட்டணமில்லாமல் பேசலாம்.

கிழங்கையே தோண்டி எடுக்க முடியுமா என்றால், ஒரு சிலருக்கு நடந்திருக்கிறது. டிமோத்தி ரே பிரவுன் என்ற அமெரிக்கருக்கு ரத்தப் புற்றுநோய் வந்து, 2007-லும் 2008-லும் பெர்லினில், வேறொருவர் கொடுத்த ஸ்டெம் செல்களை, அதாவது ரத்த அணுக்களை உருவாக்கும் மூல அணுக்களை, அவருக்கு ஏற்றினார்கள். கொடுத்தவரின் அணுக்களில் சி.சி.ஆர்.5 புரதம் பிறவியிலேயே இல்லை. இரண்டாவது படி இல்லாத ஏணி. பிரவுன் உடம்பில் எச்.ஐ.வி. திரும்ப வரவில்லை. 2020-ல் புற்றுநோய் திரும்பி வந்துதான் இறந்தார். ஆனால் அந்தச் சிகிச்சையே உயிருக்கு ஆபத்தானது, புற்றுநோய் இல்லாதவருக்குச் செய்யக்கூடியதல்ல. தூங்கும் அணுக்களை எழுப்பி அழிப்பது, ஒட்டிய குறிப்பை மரபணுக் கத்தரியால் வெட்டுவது என்று பல ஊர்களில் ஆராய்ச்சி நடக்கிறது.

ஓட்டுநர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவருக்குச் சொந்தமாக ஒன்றரை ஏக்கர் இருக்கிறது.

"கிழங்கைத் தோண்டுறதுக்கு ஆள் வர்ற வரைக்கும் நாமதான் களை எடுத்துக்கிட்டே இருக்கணும். அதானே மேடம்?"

ஆமாம் என்றேன். மாத்திரை டப்பாவை எடுத்துக் குலுக்கிப் பார்த்தார், கலகலவென்று சத்தம் வந்தது. கிளீனர் பையன் என்னவென்று கேட்பானே என்று யோசித்து, மேஜைமேல் இருந்த பஞ்சில் கொஞ்சம் கேட்டு வாங்கி உள்ளே அடைத்தார். ராத்திரி ஒன்பது மணிக்கு செல்போனில் அலாரம் வைத்துத் தரச் சொன்னார். வைத்துக் கொடுத்தேன். வாசல் வரை போனவர் திரும்பி வந்து, ஒன்பது மணிக்குத் தொப்பூர் கணவாயில் இறங்கிக்கொண்டிருந்தால் என்ன செய்வது என்று கேட்டார். மலை இறங்கி, வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் போடுங்கள், அரை மணி முன்பின் ஆனால் ஒன்றும் ஆகாது என்றேன்.